பஞ்சமம், சபா உபயம்

வடகரைப்பட்டணத்தில் பஞ்சமம் காணாமல் போனது ஒரு மார்கழி மாதத்து வியாழக்கிழமை, மாலை ஆறே கால் மணிக்கு, ஸ்ரீ நாதரஞ்சனி சபாவின் பத்து நாள் இசைவிழா தொடங்கி முக்கால் மணி நேரம் ஆனபோது, ஆஸ்தான வித்வான் ஆத்மநாதன் தோடி ராகத்தை ஆலாபனை செய்துகொண்டிருக்க, முந்நூறு ரசிகர்கள் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில். அதைக் கவனித்தவர்கள் நாலே பேர், அந்த நால்வரில் ஒருவர்கூட நாற்காலியில் உட்கார்ந்தவர் இல்லை.

ஏன் போனது என்று என்னைக் கேட்காதீர்கள். பதினேழு வருஷம் அந்தச் சபாவுக்கு மைக் செட் போட்டவன் நான். சவரிமுத்து சவுண்ட் சர்வீஸ் என்றால் ஊரில் யாருக்கும் தெரியும், சபாவில் மட்டும் என் பெயர் மைக்கு. அந்தக் கூட்டத்துக்கு நடுவே அத்தனை காலம் உட்கார்ந்திருந்ததில் எனக்கு ஆச்சரியம் ஒன்றே ஒன்றுதான், மற்ற ஆறு சுரங்களும் ஏன் கூடவே கிளம்பிப் போகவில்லை என்பது.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களும் படிக்கலாம், குறைந்துபோய்விட மாட்டார்கள். சுரங்கள் ஏழு: ச, ரி, க, ம, ப, த, நி. இதில் ச என்பது வீட்டு வாசற்படி மாதிரி. பாடுகிறவர் தன் குரலுக்கு எது வசதியோ அந்த இடத்தில் அதைப் போட்டுக்கொள்வார், மற்ற ஆறும் அதைப் பார்த்துத்தான் தங்கள் தங்கள் இடத்தில் நிற்கும். ரி, க, ம, த, நி ஐந்தும் ராகத்துக்கு ராகம் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே என்று இடம் மாறும். ச-வும் ப-வும் அசையாது. எந்தச் சுரம் வரலாம், எது வரக்கூடாது, எப்படி ஏற வேண்டும், எப்படி இறங்க வேண்டும், எங்கே நின்று குழைய வேண்டும் என்கிற ஒழுங்குக்குப் பெயர்தான் ராகம். அந்த ஐந்தாவது சுரமான ப இருக்கிறதே, அதற்குத்தான் பஞ்சமம் என்று பெயர். தம்புராவின் முதல் தந்தி அது. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் முதுகுக்குப் பின்னால் ப ச ச ச, ப ச ச ச என்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும்.

அந்த முதல் தந்திதான் அன்றைக்கு ஊமையானது. தம்புரா போட்டுக்கொண்டிருந்த செண்பகவல்லி விரலைப் பார்த்தாள், தந்தியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் மிக்ஸரில் அந்தச் சுரம் வர வேண்டிய ஒவ்வொரு முறையும் பச்சை விளக்குகள் அணைந்து எரிந்தன. வயலின் குஞ்சிதபாதத்துக்கு வியர்த்துக் கொட்டியது, ஏனென்றால் வயலினின் நாலு தந்தியில் இரண்டு ச, இரண்டு ப. பாதி வயலின் செத்துப்போயிருந்தது. ஆனால் மேடையில் வாயைத் திறந்து சொன்னால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று மனுஷன் மிச்சமிருந்த இரண்டு தந்தியிலேயே தத்தளித்தார். வித்வானுக்கும் தெரியும். ப-வில் நிற்கப் போய் வெறும் காற்று வந்ததும் ஒரு கணம் திகைத்தார், மறுகணம் ம-விலிருந்து த-வுக்குத் தாவிவிட்டு, கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டு கையை ஆகாயத்தில் நீட்டினார். "ஆஹா!" என்றது சபை.

மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செவிச்செல்வன் விமர்சனம் எழுதியிருந்தார். செவிச்செல்வன் என்பது பல் டாக்டர் கோதண்டத்தின் புனைபெயர். 'பஞ்சமத்தைத் தீண்டாமலே ஒன்றே கால் மணி நேரம் தோடியைத் தாங்கி நிறுத்திய துணிச்சல் வேறு யாருக்கு வரும்?' என்று கேட்டிருந்தார். தோடியில் பஞ்சமத்தை விட்டுவிட்டுப் பாடுவது ஓர் அழகு, உண்மைதான். ஆனால் விடுவதற்கு முதலில் அது இருக்க வேண்டும். இந்த ஊரில் மட்டும்தான் காணாமல் போன பொருளுக்கு விருது கொடுப்பார்கள்.

செண்பகவல்லியைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். நாற்பத்து நாலு வயது. காலையில் பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் அளப்பாள், மாலையில் சபாவில் தம்புரா போடுவாள். இதே சபாவின் பாட்டு வகுப்பில் சரளி வரிசையில் தொடங்கிப் பல்லவி வரைக்கும் பதினோரு வருஷம் படித்தவள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: இசைவிழாவில் ஒரு மத்தியான நேரம், அரை மணி, அவள் பெயரை மைக்கில் சொல்லிவிட்டு அவளைப் பாட விட வேண்டும். வருஷா வருஷம் புரட்டாசியில் மனு எழுதிக் கொடுப்பாள். செயலாளர் வைத்திலிங்கம் ஓய்வுபெற்ற தாசில்தார். ஒவ்வொரு மனுவிலும் 'பரிசீலிக்கப்படும்' என்று எழுதிச் சபா முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பார். அப்படிப் பத்தொன்பது மனுக்கள். கச்சேரி தொடங்குமுன் பெயர் வாசிப்பார்கள் பாருங்கள், பாட்டு இன்னார், வயலின் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று ஆளுக்கு இரண்டு பட்டத்தோடு. குத்துவிளக்கு யார் உபயம், வித்வானுக்கு வெந்நீர் வைத்த பிளாஸ்க் யார் உபயம் என்றுகூட வாசிப்பார்கள். தம்புரா யார் என்று ஒரு நாளும் வாசித்ததில்லை.

கச்சேரி முடிந்ததும் அவள் என்னிடம்தான் முதலில் வந்தாள்.

"அண்ணே, முதல் தந்தி பேச மாட்டேங்குது."

"மைக்லயும் வரல தங்கச்சி."

"தந்தி போனா வேற மாத்தலாம். இது சுரமே போயிருச்சுண்ணே."

வைத்திலிங்கத்திடம் போய்ச் சொன்னோம். அவர் கேண்டீன் கேசரியில் முந்திரி எண்ணிக்கொண்டிருந்தார். "தந்திய மாத்தும்மா. இதையெல்லாமா செகரட்டரிகிட்ட கொண்டு வருவாங்க?" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை பாட வந்தவர் கெட்டிக்காரர், பஞ்சமமே இல்லாத ராகங்களாகப் பொறுக்கி எடுத்து, ஹிந்தோளம், ஸ்ரீரஞ்சனி, ஆபோகி என்று ஓட்டிவிட்டுப் போனார். ரசிகர்களும் தலையாட்டிவிட்டு, சாம்பாரில் உப்பு கூட என்று மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனார்கள். உண்மையை ஊருக்குச் சொன்னது குழந்தைகள்தான். சனிக்கிழமை காலை சபாவின் பாட்டு வகுப்பில் இருபத்திரண்டு குழந்தைகள் சேர்ந்து ச ரி க ம என்று ஏறினார்கள், நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது, அப்புறம் த நி ச என்று அந்தக் கரையில் எழுந்தார்கள். டீச்சர் மறுபடி பாடச் சொன்னாள், மறுபடி பள்ளம். "டீச்சர், நான் வாயத் தொறந்தேன், ஒண்ணும் வரல" என்று முன்வரிசைச் சிறுமி ஒருத்தி அழுதாள். அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தெரிந்து என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? பழகிக்கொண்டார்கள். மனுஷன் எதற்கும் பழகுவான், வடகரைப்பட்டணத்துக்காரன் அரை நாளில் பழகுவான். பஸ்களின் இரட்டை ஹாரன் ஒற்றையாய்க் கத்தியது, அதற்கும் ஒதுங்கினார்கள். கீரைக்காரியின் கூவல் பாதியில் நின்றது, மீதியைத் தாங்களே ஊகித்துக்கொண்டு கீரை வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நாதஸ்வரத்தில் பஞ்சமம் இல்லாமல் தாலி கட்டினால் செல்லுமா என்று ஒரு பெண் வீட்டார் கேட்டார்கள். ம-வும் த-வும் சாட்சி இருப்பதால் செல்லும் என்று சொல்லிவிட்டார் புரோகிதர். இதில் விநோதம் என்னவென்றால், ஒலி எதுவும் தொலையவில்லை. ஒருவருக்கு ப-வாக வந்து நிற்க வேண்டிய அதே ஒலியை இன்னொருவர் தன்னுடைய ச-வாக வைத்துக்கொண்டு பாடினால் கணீரென்று கேட்டது. இன்னொருவர் ச-வுக்குத் துணையாகப் போய் நில் என்றால் மட்டும் அது வர மறுத்தது. எனக்கு இது அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான் தூக்குவாளியோடு பால் வரிசையில் நின்றிருந்தேன். சங்கத்தில் பாலைக் குளிரவைக்கிற இயந்திரம் எந்நேரமும் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருக்கும், சுத்தமான ச. செண்பகவல்லி பால் அளந்து ஊற்றிக்கொண்டே தன்னையறியாமல் அதன்மேல் முனகினாள். பஞ்சமம். மூன்று நாளாக ஊரில் ஒருவர் வாயிலும் ஒரு கருவியிலும் வராதது அவள் தொண்டையில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. வரிசையில் இருந்த பன்னிரண்டு பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றோம். எனக்கு அழுகை வந்தது, சொல்வதில் வெட்கமில்லை.

இதைச் சபாவில் போய்ச் சொன்னவன் நான்தான். இப்போதாவது அவளை மேடையில் உட்கார வைப்பார்கள் என்று நினைத்தேன். பதினேழு வருஷம் பார்த்தும் அப்படி நினைத்த என் மண்டையை எதால் அடிப்பது?

வைத்திலிங்கம் பால் சங்கத்துக்கே காரில் வந்து இறங்கினார். "என்னம்மா செண்பகம், உன் வாயிலதான் இருக்காமே? எங்க, சொல்லு பாப்போம்." அவர் தன் தடித்த குரலில் ஒரு ச பிடித்தார், அவள் அதற்கும் ப கொடுத்தாள். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பேஷ். இனிமே தம்புராவோட சேர்த்து இதையும் நீயே போட்டுடு. பாடறவங்களுக்குப் பின்னால உக்காந்துட்டு, பஞ்சமம் வர்ற எடத்துல எல்லாம் வாயைத் தெறந்தாப் போதும்."

"செய்றேன் சார். எனக்கு அரை மணி நேரம் வேணும். என் பேரைச் சொல்லி."

"அவ்வளவுதானே? கடைசி நாள் மத்தியானம் ஒரு மணி. எழுதிக் குடு, சாங்ஷன் பண்றேன்." இருபதாவது மனுவில் 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவள் அந்தக் காகிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அன்று மாலையிலிருந்து ஆறு நாள், வந்தவர் போனவர் எல்லாருக்கும் அவள் பஞ்சமம் கொடுத்தாள். பாடகர் ப-வைத் தொடுகிற கணத்தில் அவர் வாய் அசையும், ஒலி பின்னாலிருந்து வரும். ஏறும்போதும் இறங்கும்போதும், மின்னல் வேகத்தில் சுரம் கொட்டும்போதும் ஒரு இம்மி பிசகாமல் வரும். ஒரு கச்சேரியில் எத்தனை பஞ்சமம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? அவளுக்குத் தெரியும். முதல் நாள் ரசிகர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் பழகிவிட்டார்கள். மூன்றாம் நாள் குறை சொல்ல ஆரம்பித்தார்கள். "இன்னிக்குப் பஞ்சமம் கொஞ்சம் கம்மலா இருக்கே, வெந்நீர் குடிக்கச் சொல்லப்படாதா?" என்றார் பல் டாக்டர். பிறகு, ஒரு பொம்பளை மேடையில் வாயைத் திறந்து திறந்து மூடுவது பார்க்க நன்றாயில்லை என்று கமிட்டி கூடி ஆலோசித்து, அவளுக்கு முன்னால் பச்சைத் திரை ஒன்றைக் கட்டினார்கள். பெயர் வாசிக்கும்போது பாட்டு, வயலின், மிருதங்கம், குத்துவிளக்கு, பிளாஸ்க் எல்லாம் முடிந்த பிறகு ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது: "பஞ்சமம், சபா உபயம்."

கடைசி நாள் சனிக்கிழமை. பன்னிரண்டரை மணிக்கே அவள் அரக்குப் பட்டுடுத்தித் தலை நிறையப் பூ வைத்து வந்துவிட்டாள். நான் மேடை நடுவில் மைக் வைத்து உயரம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வைத்திலிங்கம் வந்து மைக்கைக் கையால் மூடினார்.

"மைக்கு, எடுத்துடு. ஒரு மணிக்கு நிகழ்ச்சி இல்ல."

"சார், நீங்க கையெழுத்துப் போட்டீங்க" என்றாள் அவள்.

"போட்டேன், இல்லேங்கல. ஆனா யோசிச்சுப் பாரும்மா. இப்ப நீ பாடித் தொண்டையைக் கெடுத்துட்டா, சாயங்காலம் ஆத்மநாதன் சாருக்கு யார் பஞ்சமம் குடுக்கறது? கலெக்டர் வர்றாரு. உனக்கென்ன, அடுத்த வருஷம் பரிசீலிப்போம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். பச்சைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, தம்புராவை மடியில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வரை அப்படியே இருந்தாள். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்தது. ஆத்மநாதன் கல்யாணி எடுத்தார். கல்யாணியில் ம கொஞ்சம் உயரத்தில் நிற்கும். அங்கிருந்து ப ஒரு எட்டுத்தான், ஆனால் அந்த எட்டை எடுத்து வைத்து நிற்பதில்தான் ராகமே இருக்கிறது. அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து, கலெக்டரை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, ம-வில் ஏறி, ப-வில் நிற்பதற்காகக் கையை நீட்டி வாயைத் திறந்தார். திரைக்குப் பின்னாலிருந்து பஞ்சமம் வந்தது. ரசிகர்கள் கண்ணை மூடினார்கள். அது நின்றது. நின்றுகொண்டே இருந்தது. வித்வான் வாயை மூடிய பிறகும் நின்றது. அப்புறம் அது அவருடைய ப-வாக இருந்தது போதும் என்று செண்பகவல்லியின் ச ஆகிவிட்டது.

இதற்குச் சாஸ்திரத்தில் கிரகபேதம் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தைச் ச என்று வைத்துக்கொண்டு, அதே சுரங்களில் நடந்தால், அது வேறு ராகமாக விடியும். கல்யாணியின் பஞ்சமத்தில் வாசற்படி போட்டால் சங்கராபரணம். அவள் அந்தப் படியிலிருந்து இறங்கித் தன் வீட்டுக்குள் நடந்தாள். தம்புராவின் ஊமைத் தந்தி பத்து நாளைக்குப் பிறகு வாய் திறந்தது, ஏனென்றால் இப்போது அது யாருக்கும் துணை இல்லை. குஞ்சிதபாதத்தின் செத்த தந்திகள் இரண்டும் அவர் வில்லுக்கடியில் எழுந்து உட்கார்ந்தன. மனுஷன் எல்லார் எதிரிலும் விக்கி விக்கி அழுதுகொண்டே அவள் பின்னால் வாசித்துக்கொண்டு போனார். ஆத்மநாதன் தன் ச-வைப் பிடிக்கப் பார்த்தார். அது அவளுடைய ம ஆகியிருந்தது. அவள் போகிற வழியில் அதை லேசாக மிதித்துவிட்டு மேலே ஏறினாள்.

நான் வித்வானின் மைக்குச் சத்தத்தை இறக்கிவிட்டு, கையிலிருந்த இன்னொரு மைக்கைத் திரைக்கடியில் தள்ளினேன். பதினேழு வருஷத்தில் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான். சரியாக அரை மணி நேரம் பாடினாள், ஒரு நிமிஷம் அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

சரி, முந்நூறு பேரும் எழுந்து நின்று கை தட்டி அவள் காலில் விழுந்தார்கள் என்று நான் சொல்வேன் என்று பார்க்கிறீர்களா? நடந்ததைச் சொல்கிறேன். ஆத்மநாதன் லேசுப்பட்ட ஆளா? முதல் நிமிஷம் விழித்தார், அடுத்த நிமிஷமே உதட்டை அசைத்துக்கொண்டு, அவள் போகும் பக்கமெல்லாம் கையை வீசி, தொடையில் தாளம் தட்டி, தானே பாடுகிற மாதிரி அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்தார். சபையோர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் கலெக்டர் பொன்னாடையை ஆத்மநாதனுக்குப் போர்த்தினார். வைத்திலிங்கம் நன்றி சொன்னார், கடைசியில், "பஞ்சமம், சபா உபயம்." செண்பகவல்லி தம்புராவை உறையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்குப் பஞ்சமம் திரும்பி வந்துவிட்டது. பஸ் இரண்டு குரலில் கத்தியது, கீரைக்காரி முழுசாகக் கூவினாள். சபா அரங்கத்துக்குள் மட்டும் வரவே இல்லை, இன்றுவரை இல்லை. அங்கே அதைப் பற்றி யாருக்கும் வருத்தமும் இல்லை. 'பஞ்சம வர்ஜ்ய மரபு', அதாவது பஞ்சமத்தை விலக்கிப் பாடுகிற மரபு, என்று பலகை எழுதி மாட்டிவிட்டார்கள், வெளியூரிலிருந்தெல்லாம் வந்து கேட்டு மெய்சிலிர்த்துப் போகிறார்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் தூக்குவாளியோடு போனபோது செண்பகவல்லி பத்திரிகையை விரித்துப் பால் வரிசைக்கு உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். "கல்யாணியிலிருந்து கிரகபேதம் செய்து, பெண் குரலின் சாயலையும் தன் குரலில் வரவழைத்து, அரை மணி நேரம் சங்கராபரணத்தை வார்த்த ஆத்மநாதனின் மேதைமையை என்னென்பது! தம்புராவும் கச்சிதம்." வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், வரிசையே சிரித்தது, நான் மட்டும் சிரிக்கவில்லை. பத்திரிகையை நாலாக மடித்துப் பால் கேனுக்கு அடியில் ஈரம் உறிஞ்சுவதற்கு வைத்தாள்.

"என்னண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க? அரை மணி நேரம் கேட்டேன், வாங்கிட்டேன். பேரு ஒண்ணுதான் கிடைக்கல."

சாயங்காலம் நாலு மணிக்குப் பால் சங்கத்து வாசலில் என் பெரிய ஸ்பீக்கர் இரண்டையும் கட்டினேன். பாய் விரித்தோம். பால் வாங்குகிறவர்கள் வந்தார்கள், கீரைக்காரி கூடையோடு வந்தாள், பாட்டு வகுப்புக் குழந்தைகள் இருபத்திரண்டு பேரும் வந்தார்கள், குஞ்சிதபாதம் யாரும் கூப்பிடாமலே வயலினோடு வந்தார். தம்புரா போட ஆள் இல்லை. தானே போட்டுக்கொள்கிறேன் என்று அதை மடியில் சாய்த்துக்கொண்டாள். முதல் தந்தியை மீட்டினாள். ப என்றது.

பதினேழு வருஷத்தில் நான் மைக்கில் பேசியது 'ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்' மட்டும்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"பாட்டு, செண்பகவல்லி" என்றேன். "வயலின், குஞ்சிதபாதம். தம்புரா, செண்பகவல்லி."